பெயர் மட்டும் வேறாக இருக்கவேண்டும்

தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும். கெட்டம்பே தாண்டியதும் பஸ் அரை மணித்தியாலம் அசையவில்லை. பொதுவாக நான் சொன்ன நேரத்துக்கு வருகிறவன். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மேசையில் இருப்பது என் கடிதத்தின் பிரதி என்று தெரிகிறது. கையெழுத்து என்னுடையதுதான். அதை மறுக்க நான் வரவில்லை. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கும் உங்கள் குழுவுக்கு அந்தக் கடிதம் வேறு மாதிரித் தோன்றக்கூடும். அது எழுதப்பட்ட சூழ்நிலையைச் சொன்னால் விளங்கிக்கொள்வீர்கள்.

என் பெயர் நவரட்ணராஜா. பிறந்தது யாழ்ப்பாணம். அப்பா அரசாங்க லிகிதர். கண்டிக்கு மாற்றம் கிடைத்தபோது எனக்கு நாலு வயது. அன்றிலிருந்து இங்கேதான். ஓர் அரச அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றி இலவச வகுப்பு நடத்தினேன். கட்டற்ற மென்பொருள் என்றால், எழுதியவர் மூலநிரலைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. யாரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். நான் அதை மனப்பூர்வமாக நம்புகிறவன். இன்றைக்கும்.

2005ஆம் ஆண்டு நான் எழுதி வெளியிட்ட மென்பொருளின் பெயர் நாமாவளி. ஒருவருடைய பெயரைத் தமிழில் அடித்தால், அதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதவேண்டும் என்று காட்டி, விண்ணப்பப் படிவத்தில் அச்சடித்துத் தரும். இந்த நாட்டில் ஒரு தமிழனுடைய பெயர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், சம்பளப் பட்டியலில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். கந்தோரில் இருக்கிற சிங்கள லிகிதர் காதில் விழுந்தபடி எழுதுவார். அந்த அலங்கோலத்தை ஒழுங்குபடுத்தத்தான் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினேன்.

பெயரின் அருமை எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று யூலையில் எனக்குப் பத்தொன்பது வயது. தமிழர் வீடுகளை எரிக்கிற ஆட்கள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள் என்றபோது பக்கத்து வீட்டுச் சிங்களவர் திசாநாயக்க மாத்தயா ஓடிவந்து, அப்பாவின் பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன்னுடைய பலகையை எங்கள் கேற்றில் கட்டிவிட்டார். வந்தவர்கள் அதை வாசித்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். இன்னொருவர் பெயரை நாங்கள் பாவித்தோம்தான். ஆனால் அது உரியவரே மனமுவந்து கொடுத்தது. அதோடு, ஒரு நாளைக்கு மட்டும்.

நாமாவளிக்கு ஒரு உரிமம் எழுதினேன். மூன்று பக்கம், நல்ல தமிழில். எல்லாச் சுதந்திரமும் கொடுத்துவிட்டு இரண்டே இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒன்று, திருத்திய பதிப்பு எதுவும் நாமாவளி என்ற பெயரில் வெளிவரக் கூடாது. பெயர் மட்டும் வேறாக இருக்கவேண்டும். இரண்டு, என் எழுத்துமூல அனுமதி இல்லாமல் என் சொந்தப் பெயரை எந்தத் திருத்திய பதிப்புக்கும் பாவிக்கக் கூடாது. வெளிநாட்டு உரிமங்களிலும் இப்படித்தான் இருக்கிறது. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த மூன்று பக்கத்தையும் முழுமையாக வாசித்த ஒரே ஆள் ராஜலிங்கம்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தொழிலாளர்கள். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு கதிரை. தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சாட்சிப் பத்திர விண்ணப்பம் அடித்துக்கொடுப்பார். வயது முப்பத்திரண்டு இருக்கும். என் சனிக்கிழமை வகுப்பில் முன்வரிசையில் இருப்பார். கெட்டிக்காரர். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

2006 கடைசியில் ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்தார்.

"சார், நம்ம நாமாவளில ஒரு சிக்கல் இருக்குங்க."

"என்ன சிக்கல்?"

"எங்க தோட்டத்து லயத்துல ஜெயமணின்னு ஒரு அக்கா. பொறப்புப் பத்திரத்துல ஜெயமணின்னுதான் இருக்கு. நாமாவளில அடிச்சா செயமணின்னு மாத்திருது. அப்படியே ஐடி கார்டும் வந்திருச்சு. போன வாரம் சுத்திவளைப்புல ரெண்டையும் பாத்துட்டு, ரெண்டு பேர்ல திரியிறியான்னு கேட்டு ரெண்டு நாள் உள்ள வச்சிட்டாங்க சார்."

நான் அவருக்கு விளக்கினேன். ஜ தமிழ் எழுத்து அல்ல. ர சொல்லுக்கு முதலில் வராது. நாமாவளி முதலில் பெயரைச் சுத்தமான தமிழாக்கிவிட்டுத்தான் மற்ற மொழிகளுக்கு மாற்றும். அது பிழை அல்ல, அதன் சிறப்பே அதுதான். அந்தப் பெண்ணின் பெயரைப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுதியவர்தான் பிழை விட்டவர்.

"அவங்க பேரு அதுதானுங்களே சார்," என்றார்.

போய்விட்டார். மூன்று மாதத்தில் நாமாவளியைத் திருத்திவிட்டார். ஜ, ஷ, ஹ எல்லாவற்றையும் அப்படியே விட்டார். தோட்டம் தோட்டமாகப் போய், பழைய பெயர்ப் பதிவேடுகளைப் பார்த்து, நாலாயிரம் பெயர் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் வழக்கமாக எப்படி எழுதுகிறார்கள் என்ற பட்டியலையும் உள்ளே சேர்த்திருந்தார். அதை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். என் மென்பொருளிலேயே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். அப்படிச் செய்தால் தன்னுடையது தேவையில்லை என்றும் சொன்னார்.

நான் சேர்க்கவில்லை. மற்றவர்களுடைய திருத்தங்களை ஏற்கவேண்டும் என்று உரிமத்தில் ஒரு நிபந்தனையும் கிடையாது.

ஆகவே தானே சிடியில், அதாவது இறுவட்டில், பதிந்து கொடுக்கத் தொடங்கினார். அது அவருடைய உரிமை. ஆனால் இறுவட்டின் மேல் நாமாவளி என்றே எழுதிக் கொடுத்தார். கலஹா, புசல்லாவை, கம்பளை, அக்குறணை என்று டைப் அடிக்கிற கடையெல்லாம் அது போயிற்று. புசல்லாவையிலிருந்து ஒரு பாடசாலை அதிபர் எனக்குத் தொலைபேசி எடுத்து, கடைசியில் ஜ வைச் சரிசெய்துவிட்டீர்கள், நன்றி என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்குறணையில் ஹாஷிம் என்று ஒருவர் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறார். ஒரு வேலையாகப் போன இடத்தில் அவருடைய கணினியைப் பார்த்தேன். ராஜலிங்கத்தின் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"இது அசல் நாமாவளி இல்லை," என்று சொன்னேன்.

"அசலும் ஈக்கி சேர், உள்ளுக்கு வெச்சீக்கிறன்," என்றார் ஹாஷிம். "அதுல ஏன்ட பேரு ஆசிம்னு வருது. உம்மாட பேரு ஆஸியா உம்மா. அத வேற என்னமோவா ஆக்கிட்டு. ராஜலிங்கம் தம்பிடதுல அடிச்சா எங்கட பேரு எங்கட பேராவே வருது. அதான் நாமாவளின்னா எல்லாரும் இதைத்தான் கேக்குற."

கடைசி வசனம்தான் முக்கியம். நாமாவளி என்றால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் வைத்த பெயர், என் பொருளைக் குறிப்பதை நிறுத்திவிட்டது. உரிமத்தில் அந்த நிபந்தனையை எதற்காக வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இதற்காகத்தான்.

2007 யூனில் ராஜலிங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் பெயரை மாற்றவேண்டும். பதிலுக்கு நேரில் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"பேர மாத்தினா சனங்களுக்கு எது எதுன்னு தெரியாதுங்க சார். பழசையே போட்டு அடிச்சுக்குவாங்க. அப்புறம் செக்பொயின்ட்ல மாட்டிக்கிறது அவங்கதான். இப்ப நெலம எப்படி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

"நிலைமை வேற, நிபந்தனை வேற. நீர் அதை வாசிச்சுப்போட்டுத்தானே எடுத்தனீர்?"

"வாசிச்சேன் சார். இன்னொருத்தர் செஞ்சத நாம திருத்திக்கலாம்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கிறாரேன்னு நெனச்சேன். அன்னைக்குப் பூரா அதயே நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

நான் அறிவித்தலின் பிரதியை அவர் பக்கம் தள்ளினேன்.

"சரிங்க சார். மாத்திடுறேன். இருக்கிற சிடி எல்லாத்தையும் திருப்பி வாங்கணும், கொஞ்சம் டைம் குடுங்க. நீங்களே ஒரு நல்ல பேராச் சொல்லுங்களேன்."

"அது என்ர வேலை இல்லை."

முப்பது நாள் போயிற்று. இரண்டாவது அறிவித்தல் அனுப்பினேன். அறுபது நாள் போயிற்று. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். "சும்மா குடுத்த சாமானுக்கு என்ன நட்டம் எண்டு நீதவான் சிரிப்பார் ஐசே," என்று அவரே சிரித்தார். நான் சிரிப்புக்குரிய காரியம் எதையும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் வழியில்லை என்றால் ஒரு குடிமகன் முறையிட வேறு எங்கே போவது? பொலிஸ் நிலையம் அதற்குத்தானே இருக்கிறது.

கடிதத்தைச் சிங்களத்தில் எழுதினேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. நீங்களே வாசித்துப் பாருங்கள். தமிழர்களின் பெயர்களைச் சிங்கள எழுத்தில் மாற்றித் தரும் மென்பொருளொன்றை, உரிய அனுமதியின்றி, நாமாவளி என்ற பெயரில் இன்னார் இறுவட்டுகளில் பதிந்து மலையகமெங்கும் விநியோகித்து வருகிறார். அது தரும் பெயர்கள், மூல மென்பொருள் தரும் பெயர்களுடன் பொருந்துவதில்லை. அடையாள அட்டை விண்ணப்பங்களுக்கு இது பாவிக்கப்படுகிறது. நாட்டின் தற்போதைய நிலையைக் கருத்திற்கொண்டு ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அந்தக் கடைசி வரியை அந்தக் காலத்தில் எல்லாக் கடிதத்திலும் போடுவோம். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகரசபைக்கு எழுதினாலும் போடுவோம்.

செப்டெம்பர் இருபதாந் திகதி காலை பத்து மணிபோல் ராஜலிங்கத்தைக் கடையில் வைத்துக் கைதுசெய்தார்கள். கணினியையும் நாற்பது இறுவட்டுகளையும் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் முறைப்பாட்டாளன் என்ற வகையில் என்னை அழைத்தார்கள். பொறுப்பதிகாரி மரியாதையானவர். தேநீர் வரவழைத்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் நான் பதில் சொன்னேன்.

இந்த ஆளுக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டார். நாமாவளி என்ற பெயரில் விநியோகிக்க அனுமதி இல்லை என்றேன். இது ஆட்களின் பெயரை மாற்றுகிறதா என்று கேட்டார். அதுதான் இதன் தொழில் என்றேன். மூலநிரலை அச்சடித்து வைத்திருந்தார்கள், ஒரு கட்டுக் கடதாசி. இது என்ன பாஷை என்று கேட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே விளங்கும் ஒரு பாஷை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே கையெழுத்து வைத்தேன். ஒரு பதிலாவது பிழை என்று யாராலும் காட்ட முடியாது.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். எனக்குப் பிடித்த விஷயம் அது.

அடுத்த வருடம் பெப்ரவரியில் ராஜலிங்கத்தின் மனைவி புஷ்பம் என்னைத் தேடி வந்தார். பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கடிதம் எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவர் பேசிய விதத்தில் புரிந்துகொண்டேன்.

"அவரு ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க சார். அந்த சிடி செய்றது தப்பில்ல, அனுமதி இருக்குன்னு நீங்க ஒரு கடதாசி குடுத்தா, வக்கீல்கிட்ட காட்டலாம்னு வந்தேன்."

எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அதுதாங்க தெரியல. நாலஞ்சு எடத்துல கேட்டாச்சு. தெக்குப் பக்கம் இருக்கிற பெரிய கேம்புக்கும் ரெண்டு தடவ போனேன். ஏட்டப் பொரட்டிப் பாத்துட்டு, ராஜலிங்கம்னு ஒருத்தரும் இங்க இல்ல, போங்கிறாங்க."

அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கடிதத்தில் அவருடைய பெயரைச் சிங்களத்தில் எழுதுவதற்கு நான் என்னுடைய மென்பொருளைத்தான் பாவித்தேன். வேறு எதைப் பாவிப்பேன்? ராஜலிங்கம் என்று அடித்தேன்; அது இராசலிங்கம் என்று திருத்தி, அதைச் சிங்களத்தில் தந்தது. பொலிஸார் கடிதத்தைப் பார்த்து அப்படியே ஏட்டில் பதிந்திருப்பார்கள். இ என்ற எழுத்தில் தேடுகிற இடம் வேறு, ர என்ற எழுத்தில் தேடுகிற இடம் வேறு. அவர் ஏட்டின் ஒரு பக்கத்தில் இருக்கிறார். மனைவி இன்னொரு பக்கத்தில் தேடுகிறார்.

நான் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு கடதாசி. பெயரை எப்படி எழுதுவது என்று கேட்கவில்லை. சொல்லியிருந்தால், அது எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்வதால் அந்தப் பெண்ணுக்கு மன வருத்தம்தான் மிச்சம். உரிமத்தின் பிரதி ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் இதில் இருக்கிறது, வக்கீலிடம் காட்டுங்கள் என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் இன்று எனக்குக் காட்டிய முகாம் ஏட்டில் இராசலிங்கம் என்ற பெயர் 2008 நவம்பர் வரை இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. விடுதலை என்றும் எழுதவில்லை, வேறு ஒன்றும் எழுதவில்லை. பெப்ரவரியிலிருந்து நவம்பர்வரை ஒன்பது மாதம். அந்தப் பெண் பதினொரு தடவை அந்தக் கேற்றடிக்குப் போனதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. பாருங்கள். ஆனால் ஏட்டை எழுதியவன் நான் அல்ல.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாக்குமூலம் முழுமையாக இருக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன். கடிதம் எழுதி முடித்தது செப்டெம்பர் ஐந்தாந் திகதி. தபாலில் சேர்த்தது பதினாலாந் திகதி. இடையில், பத்தாந் திகதி, ராஜலிங்கத்திடமிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே ஓர் இறுவட்டும் அரைப் பக்கக் கடிதமும்.

பழைய இறுவட்டுகளில் முக்கால்வாசியைத் திருப்பி வாங்கிவிட்டதாகவும், மிச்சத்தையும் மாத முடிவுக்குள் வாங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தார். நாமாவளி என்ற சொல்லை மென்பொருளில் எல்லா இடத்திலும் எடுத்துவிட்டாராம். சரிபார்த்தேன், உண்மைதான், ஓர் இடத்திலும் இல்லை. முதலாவது நிபந்தனை பூரணமாக நிறைவேற்றப்பட்டிருந்தது. கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "புதுசா என்ன பேர் வைக்கிறதுன்னு ரொம்ப யோசிச்சேங்க சார். இதெல்லாம் நீங்க குடுத்ததுதானே. அதனால ஒங்க பேரையே வச்சிட்டேன்."

இறுவட்டின் மேல் அழகான எழுத்தில் நவரட்ணராஜா என்று அச்சடித்திருந்தார்.

இரண்டாவது நிபந்தனை என்னவென்று ஏற்கெனவே சொன்னேன். எழுத்துமூல அனுமதி கேட்கவில்லை. என் பெயரில், ஜ வும் ஹ வுமாக ஒரு மென்பொருள் தோட்டம் தோட்டமாகப் போகும். எந்தச் சோதனைச் சாவடியில் எவனுடைய பையில் அது அகப்பட்டாலும் முதலில் கண்ணில் படுவது என் பெயர். அந்த நாட்களில் கண்டியில் இருந்த ஒரு தமிழ் அரசாங்க உத்தியோகத்தன் என்ன செய்வான்? நாலு நாள் யோசித்தேன். கடிதத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பினேன்.

ஆகவே, ஆம். அவர் பெயரை மாற்றிவிட்டார் என்று தெரிந்துகொண்டுதான், பெயரை மாற்றவில்லை என்று முறைப்பாடு செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய வேலை வீணாகிவிட்டது என்று மட்டும் புஷ்பம் நினைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அந்த இறுவட்டில் இருந்ததை, நாலாயிரம் பெயரோடும் அப்படியே, நான் வெளியிட்டேன். இப்போது நிறையக் கந்தோர்களில் அதைத்தான் பாவிக்கிறார்கள். திருத்திய பதிப்பு என்றபடியால் நாமாவளி என்ற பெயரை நானும் போடவில்லை. நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுதான். புதுப் பெயர் தேடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதில் ஏற்கெனவே என் பெயர்தான் இருந்தது.